எந்த ஏரி?

கைப்பேசியின் கடைசிக் கோடும் மறைந்த பிறகு
முப்பத்தைந்தாம் நெடுஞ்சாலையில்
சுகிர்தா கேட்டாள்:
"உப்பு எடுத்தனீங்களோ?"

வண்டியின் பின்னால்
இரண்டு பெட்டி ஆட்டிறைச்சி,
பத்துக் கிலோ சம்பா, தூள், புளி,
ஈரத் துணியில் கறிவேப்பிலை,
காற்றடிக்காத பிளாஸ்டிக் அன்னம் ஒன்று,
நுளம்புக்கு மூன்று வகை மருந்து.
உப்பு மட்டும்
பட்டியல் தாளின் மடிப்புக்குள் போயிருந்தது.
மடித்தவன் நான்.

அடுத்த வளைவில் கடை.
ஒற்றைப் பெட்ரோல் பம்ப்,
அதன் கழுத்தில் "வேலை செய்யாது" அட்டை.
கதவைத் தள்ளினால் ஒரு மணி,
நனைந்த நாயும் வதக்கிய வெங்காயமும்
சேர்ந்த வாசம்.
குளிர்பெட்டியில்
பாலுக்கும் வெண்ணெய்க்கும் நடுத்தட்டில்
டசன் டசனாய் மண்புழு.
அகரன் ஒரு டப்பாவைத் திறந்துவிட்டான்.
உள்ளிருந்த கறுப்பு மண்
ஒருமுறை மூச்சு விட்டது.

கல்லாவில் ஒருத்தி, அறுபது இருக்கும்,
மூக்குக்கண்ணாடி இரண்டு:
ஒன்று கண்ணில், ஒன்று தலையில்.
எனக்கு முன்னால் நின்றவனிடம்
பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.
"எந்த ஏரி?" என்றாள்.
அவன் ஒரு சொல்லில் சொன்னான்.
அது போதும்,
அவன் படகுத்துறையின் உடைந்த பலகையை
விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

என் முறை.
"எந்த ஏரி?"

இருபத்திரண்டு வருடமாய் இந்த நாட்டில்
எங்கிருந்து வந்தாய் என்பதற்குத்தான்
பதில் வைத்திருக்கிறேன்,
குட்டையும் நெட்டையுமாய், ஆளுக்குத் தகுந்தபடி.
இதற்கு இல்லை.
வாடகை வீட்டின் பூட்டு எண் தெரியும்:
நான்கு, ஒன்று, ஒன்று, ஏழு.

"லாங் லேக் என்று நினைக்கிறேன்."
"எந்த லாங் லேக்? இங்கே மூன்று இருக்கிறது."
வரிசை முழுவதும் சேர்ந்து தேடியது.
மஞ்சள் தபால்பெட்டியா? பாலம் தாண்டியா?
இறங்கப் படி உண்டா?
ஐஸ் மூட்டை சுமந்த ஒரு பையன் கண்டுபிடித்தான்:
பழைய பல்வைத்தியர் வீடு.
ஆ, என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.
நான் பல்வைத்தியர் வீட்டுக்காரன் ஆனேன்.

உப்பு என்றேன்.
தண்ணீர் இயந்திரத்துக்குப் போடும் உப்பு இருந்தது,
பதினெட்டுக் கிலோ மூட்டை.
பனிக்காலப் படிக்கட்டில் தூவும் உப்பு இருந்தது,
நீல நிறம்.
சமையல் உப்பு நேற்றே தீர்ந்ததாம்; சோளக் காலம்.
"எத்தனை பேர்?"
"பதினொரு பேர்."
கல்லாவைத் திறந்தபடி விட்டு
மாடிக்கு ஏறினாள்.
தலைக்கு மேல் அலமாரி சாத்தும் சத்தம்.
திரும்பியபோது கையில்
புழு விற்கும் டப்பா.
புதுசு, கழுவினது என்று சத்தியம் செய்தாள்.
விளிம்பு வரை உப்பு.
மூடியில் "ஒரு டசன்",
பக்கத்தில் கொக்கி விழுங்கும் மீன்.
காசு வாங்கவில்லை.
விறகு வாங்கு, இரவில் குளிரும் என்றாள்.
இரண்டு கட்டு வாங்கினேன்.
குளிரவில்லை.

மூன்று நாளும் மாமி
கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.
டப்பாவை அவவின் கண்ணில் காட்டவில்லை.
அகரன் மட்டும்
ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஞாயிறு திரும்பும்போது
இறங்கி ஒரு வார்த்தை சொல்லத்தான் நினைத்தேன்.
கடை வாசலில் இருந்து தெரு வரை
படகு கட்டிய வண்டிகள்.
நானூற்றொன்றில் நெரிசல் தொடங்கிவிடும் என்றாள் சுகிர்தா.
கண்ணாடி யன்னலுக்குள்
இரண்டு மூக்குக்கண்ணாடி மின்னியதாய்ப் பட்டது.
வெயிலாகவும் இருக்கலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
பெயர் கேட்காமல் வந்தவன்
எதைப் பிடித்து நினைப்பது?

ஸ்காபரோவில்
டப்பா அடுப்பருகே இருக்கிறது.
இரண்டு தரம் நிரப்பியாயிற்று.
மீனின் வால் அழிந்துவிட்டது.

நேற்று லிஃப்டில் புதிதாய்க் குடிவந்தவர்,
தோளில் சுருட்டிய மெத்தை.
எங்கிருந்து, என்று வாய் வரை வந்தது.
"எந்த மாடி?" என்றேன்.
பதினாலு என்றார்.
பொத்தானை அமத்திக்கொண்டே சொன்னேன்,
பதினாலில் குளியலறைக் குழாய் ஒழுகும்,
வாளி ஒன்று
வைத்துக்கொள்ளுங்கோ.