கோணல் கட்டு

இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்.
ஈரக் கண்ணாடியில் விரலை இழுத்தாற்போல் கீச்சிட்டால்
இன்று காலை அறுத்தது.
சத்தம் வராவிட்டால்
டெட்லெஃப் நேற்றையதை நம் தலையில் கட்டுகிறான்.

பெலிட்ஸுக்கு வெளியே, மணல் வயல்களுக்கு நடுவே
என் சமையலறை.
ஏப்ரல் பாதியிலிருந்து என் நகக்கண்ணெல்லாம்
அஸ்பாரகஸ் வாசம்.
பெர்லினிலிருந்து பேருந்து பேருந்தாக வருகிறார்கள்.
தட்டில் நேராகப் படுத்த வெள்ளைத் தண்டுகள் வேண்டும்,
எண்ணி ஏழு, மேலே வெண்ணெய்க் குழம்பு.
நேராக இல்லாதது விலை போகாது.

பின்கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு
போகுமீவா வருவாள்,
கையில் கோணல் கட்டு.
கல்லில் மோதித் திரும்பியது ஒன்று,
தலை பிளந்தது ஒன்று,
கத்தி தவறி இரண்டானது,
தண்டென்பதைவிடக் கொக்கி என்று சொல்லத்தக்கது.
"உன் சொந்தக்காரர்கள்" என்பாள்,
என் முதுகைப் பார்த்துத்தான்.

மண்மேட்டில் விழும் மயிரிழை விரிசல்
அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்.
அங்கே இரண்டு விரல் இறக்கி,
நீளக் கத்தியால் அடியில் ஒரு குத்து.
பிறகு குழியை மூடித் தடவிவிடுவாள்,
பெட்டகத்தைத் திறந்தவன் தடயத்தை அழிப்பதுபோல.
வெயில் பட்டால் நுனி ஊதாவாகும்.
ஊதாவுக்கு கிலோவுக்கு இரண்டு யூரோ குறைவு.

இரவு, கடைசிப் பேருந்தும் போன பிறகு,
எங்களுக்காகச் சமைப்போம்.
தலைக்குக் கீழிருந்து தோலைச் சீவு, எறிந்துவிடாதே.
சாறு அதில்தான்: உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கால் மணி நேரம்.
வடித்த நீரில் கோணல்களை நறுக்கிப் போடு,
நுனிகள் கடைசியில்.
நகம் பட்டாலே தோலுரியும் புது உருளை,
நூல்கோல்,
பல்லுக்கு வேலை வைக்காத பட்டாணி இரண்டு கைப்பிடி.
முள்ளங்கியை நான் வெண்ணெயில் வதக்குவேன்.
"அது உனக்கு என்ன செய்தது?" என்பாள் போகுமீவா.
என்னைக் கேட்காமலே சுக்காங்கீரையை அள்ளிப் போடுவாள்,
அது இல்லாமல் அவள் ஊருக்கு மே மாதம் வராதாம்.
புளிப்பென்று முகம் சுளிப்பேன்.
இரண்டாம் கிண்ணமும் கேட்பேன்.

இன்று ஜூன் இருபத்து நான்கு.
இன்றோடு கத்தியைத் துடைத்து மாட்டிவிட வேண்டும்.
இனி வருவதெல்லாம் வேருக்கு.
நாளைக் காலை போலந்து பேருந்து.

"பதினோரு வருஷம் அறுத்துவிட்டேன்" என்றாள்,
"அறுக்காமல் விட்டால் அது என்னவாகும்?"
தினமும் அந்த வயலைத் தாண்டிப் போகிறவள் நான்.
இறகு என்றேன். புகை என்றேன்.
இடுப்புயரப் பச்சைப் புகை.
கரண்டியை நக்கிக்கொண்டே
நம்பாமல் என்னைப் பார்த்தாள்.
பிறகு குரலைத் தாழ்த்தினாள்:
"கடைசி வரிசையில் ஒன்றை நான் தொடவில்லை. மே முதல்.
டெட்லெஃபிடம் சொல்லாதே."

பத்தரை மணிக்கும் வானத்தில் பால் வெளிச்சம்.
கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்புகள் பக்கவாட்டில் படபடக்க
வயலின் கோடிவரை நடந்தோம்.
நின்றுகொண்டிருந்தது,
என் இடுப்புவரை, அவள் மார்புவரை,
காற்று இல்லாதபோதும் அசைந்துகொண்டு.
ஒரு கிளையை விரலிடுக்கில் உருவிப் பார்த்தாள்.
முகர்ந்தாள்.
"இதைச் சமைக்க முடியாது."
"முடியாது."
ஏனோ அதில் அவளுக்கு அவ்வளவு திருப்தி.

திரும்பி வந்தபோது அடுப்பில் மறந்த ருபார்ப்
அடிப்பிடித்திருந்தது.
சட்டியைச் சாய்த்துப் பிடித்து
நின்றபடியே சுரண்டித் தின்றோம்.