ஓரிரு இடங்களில்

ஓரிரு இடங்களில் என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடினேன்.
என் தொழிலில் இதைவிடப் பத்திரமான சொல் கிடையாது.
எந்த ஓரிடம், எந்த ஈரிடம் என்று
கேட்கிறவர் மட்டும் இருக்கக் கூடாது.

சேகோ மில் செங்கோட்டுவேல் கேட்பார்.
விடிந்ததும் போன்:
"மேடம், ஜவ்வரிசி காயப்போடலாமா?"
நாற்பது சதவீத வாய்ப்பு என்றேன் ஒருநாள்.
சரிங்க என்று வைத்தவர்
நூறு மூட்டையில் அறுபதைக் களத்தில் பரப்பி
நாற்பதைக் கொட்டகைக்குள் வைத்துக்கொண்டார்.
நிகழ்தகவுக்கு இப்படியொரு மரியாதையை
என் பேராசிரியர்கூடச் செய்ததில்லை.
அன்று மழை வந்தது.
களத்தின் பாதியில் நின்றுகொண்டது.
நனைந்த முப்பது மூட்டை
யார் கணக்கில் சேரும் என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பங்குனியில் ஏற்காட்டிலிருந்து பெனடிக்ட்.
காப்பிச் செடி மொட்டுக் கட்டி நிற்கிறதாம்.
ஒரு மழை வேண்டும், ஒரே ஒரு மழை,
பூ விரிந்த பிறகு வரக் கூடாது,
முடிந்தால் வியாழனுக்குள்.
நான் என்னவோ மழையைக் கிடங்கில் அடுக்கி வைத்திருப்பது போல.
"பார்க்கிறேன்" என்பேன் நானும்,
ரேஷன் கடைக்காரி குரலில்.
பெய்துவிட்டால் ஒன்பதாம் நாள்
மலைச்சரிவெல்லாம் வெள்ளை.
நன்றி மாதாவுக்குப் போகும்.
பெய்யாவிட்டால் எனக்கு போன் வரும்.

கத்திரியில் என் பிழைப்பு இன்னும் மோசம்.
நாற்பத்தொன்று என்று நான் சொல்வதற்குள்
ஐந்து ரோட்டுத் தார் சொல்லிவிடும்.
மூன்று மணிக்குச் சேர்வராயன் மலைமேல்
ஒரு மேகம் தலைப்பாகை கட்டும்.
ஊரே கொடியிலிருந்து துணியை உருவும்.
அது கன்னங்குறிச்சி வரை இறங்கி
ஏரியை எட்டிப் பார்த்து
மனசு மாறி
வந்த வழியே ஏறிப் போய்விடும்.

ஒருநாள் இறங்கியேவிட்டது.
சூரமங்கலத்தில் முழங்கால் தண்ணீர்.
ரயில் பிடிக்க ஓடியவர்கள் செருப்பைக் கையில் பிடித்தார்கள்.
எங்கள் மழைமானியில் ஒரு சொட்டு இல்லை.
சேலம், சுழியம் என்று பதிந்தேன்.
மானியில் விழாத மழை
அரசாங்கத்துக்குப் பெய்யாத மழை.
இரவு சொட்டச் சொட்ட வந்து நின்ற என் வீட்டுக்காரர்
"அப்ப நான் நனையல, அப்படித்தானே?" என்றார்.
துண்டை நீட்டினேன்.
பதிவைத் திருத்தவில்லை.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்கிறார்கள்.
என் காற்றுமானி இதுவரை
ஒரு பண்டிகை பேனரையும்
பக்கத்து அலுவலகத்துக் கோப்பு ஒன்றையும்தான் கண்டிருக்கிறது.
ஐப்பசி அடைமழையோ கடலோரத்துக்காரர் சொத்து.
பெயரெல்லாம் சூட்டி அனுப்பிய புயல்
இங்கு வந்து சேரும்போது
பன்னீர் தெளித்துவிட்டுப் போகும்.
ஆனாலும் மாடிவீட்டு தர்ஷிகாவுக்கு,
கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவில் மட்டும்,
வங்கக் கடல்மேல் அப்படியொரு பக்தி.

என் போட்டியாளர் ஒருவர்தான்:
எதிர்ப்புறம் தட்டுவடை செட் போடும் குப்புராஜ்.
நாலு மணிக்கு ஒரு தட்டுவடையை ஒடித்துப் பார்ப்பார்.
நொறுங்கினால் வெயில்.
நமுத்து வளைந்தால் மழை.
செயற்கைக்கோள் படம் காட்டினேன் ஒருமுறை.
"நல்லாருக்குங்க" என்றார்,
மற்றவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவர் போல.
போன வருஷம் முழுக்க
அவர் சொன்னதையும் நான் சொன்னதையும்
ஒரு நோட்டில் தனியாக எழுதி வந்தேன்.
நோட்டு என் மேசையில், கடைசி இழுப்பறையில்.
சாவி என்னிடம்.

இன்று சாயங்காலம் போய் நின்றேன்.
பீட்ரூட் துருவிக்கொண்டே
"மேடம், இன்னைக்கு வருமா?" என்றார்.
சட்னி தடவுமுன் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.
சத்தமே இல்லை.
"ஓரிரு இடங்களில்" என்றேன், வாய் நிறைய.
அவர் எதுவும் பேசாமல்
தார்ப்பாயின் ஒரு முனையை
என் கையில் கொடுத்தார்.