தொண்ணூற்றேழு

ஷ்செச்சின். மூன்றாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே
ஓடர் நதி பாதி உறைந்து கிடக்கிறது.
புது மூட்டு வைத்த வலது முழங்காலை
மடக்கிக் காட்டுகிறார் கெர்வாஸி.

என் கோணமானி தொண்ணூற்றொன்று என்றது.
ரிஷார்தா அளந்தாள்: தொண்ணூற்றெட்டு.
விலை கூடிய மின்னணுக் கருவி
தொண்ணூற்று நாலரை என்று
அந்த அரையில் பெருமையடித்துக்கொண்டது.

"தட்டில் ஏழு டிகிரி பிசகியிருந்தால்
நான் பற்றவைத்த கப்பலெல்லாம்
இந்நேரம் மீனுக்கு வீடு" என்றார்.

பிளாஸ்டிக் பொய் சொல்லவில்லை.
சதைக்குள் எலும்பின் முட்டு எங்கே என்பதில்
என் விரலுக்கு ஒரு நினைப்பு,
அவள் விரலுக்கு வேறு.

அவரே பேனா கேட்டு வாங்கினார்.
இரும்பில் குறிப்பதுபோல
இடுப்பில் ஒன்று, முட்டியில் ஒன்று,
குனிய முடியாமல் என்னிடம் கொடுத்து
கணுக்காலில் ஒன்று.
மூன்று நீலச் சிலுவைகள்.
அப்புறம் யார் அளந்தாலும் தொண்ணூற்றேழு.
பந்தயம் ஜெயித்தவர்கள்போல்
கைகுலுக்கிக்கொண்டோம்.

அடுத்த வியாழக்கிழமை
சிலுவைகள் அழியாமல் வந்தார்.
குளிக்கும்போது பாலித்தீன் சுற்றினாராம்.
"என் மனைவிக்கு நான் இப்போது
கசாப்புக் கடைச் சுவரில் மாட்டிய படம்."

அளந்தேன். தொண்ணூற்றேழு.
ரிஷார்தா. தொண்ணூற்றேழு.
கருவியும் அரையைக் கைவிட்டிருந்தது.

முன்பென்றால் எங்களில் ஒருத்தி
தெரியாமலே மூன்று டிகிரி
கூட்டிக் கொடுத்திருப்போம்.

ஏழு நாளும் படிக்கட்டு ஏறி இறங்கிய மனிதர்
எண்ணைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.
கட்டைவிரலில் எச்சில் தொட்டு
முட்டிச் சிலுவையைத் தேய்த்து அழித்தார்.

"இப்போது அளந்து பாருங்கள்."