ஒரே பள்ளம்

லீஸ்டு லைன் என்றால் மாசம் முப்பத்தெட்டாயிரம்.
வண்ணார்பேட்டை ஆபீசிலிருந்து முக்கூடல் குடோனுக்கு
நமக்கே நமக்கான கம்பி;
அடுத்தவன் மூச்சுகூடப் படாது.

விபிஎன் என்றால்
ஊரோடு போகிற பாதை, மூட்டைக்கு மட்டும் நம் பூட்டு.
சாயங்காலம் ஊரே படம் பார்க்கையில்
பீடிக் கணக்கு ஓரமாக நிற்கும்.

"ரோட்டை வாங்கவா, பூட்டை வாங்கவாடே?"
என்றார் ஆவுடையப்பன் முதலாளி.

சுத்தமல்லி விலக்கில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.
ரோடு அகலப்படுத்த ஜேசிபி தோண்டிய இடத்தில்
ஆரஞ்சுக் குழாய் இரண்டு,
தனி வழியும் பொது வழியும்
ஒட்டிப் படுத்துக் கிடந்தன.
ஒரு பல் பட்டால் போதும்.

பூட்டையே வாங்குவோம் என்றேன் போனில்.
மிச்சக் காசுக்கு
ஆத்துக்கு அக்கரை வழியா இன்னொரு லைன்.

அவர் யோசிக்கையில் குறுக்கே உலகம்மாள், முக்கூடலிலிருந்து:
"சார், சிஸ்டம் சுத்திக்கிட்டே கெடக்கு."