காற்றுக் கயிறு

புந்தா அரேனாஸில்
காற்று முற்றும் நாள்களில்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்து நடக்க.

இன்று பள்ளிக்கூடம் இல்லையாம் என்றேன்.
கதவைத் திறக்காமலே கத்தினான் பல்தசார்.
பதினைந்து வயசு, அப்படித்தான்
என்றாள் எர்சிலியா, ஆலையில்.
நானும் அப்படித்தான் அப்படித்தான் என்று
மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.
வயிற்றுவலிக்குப் போல்தோ இலைக் கஷாயம்.
மதியம்வரைத் தூக்கத்துக்கு ஒரு திட்டு,
பைக்குள் பூசணம் பூத்த ரொட்டிக்கு இன்னொன்று.
கோல்கீப்பர் கையுறையைத் தம்பிக்குக் கொடுத்தபோது
என்ன தாராள மனசு என்று
முத்தம் வேறு.

நண்டு பிரிப்பவள் நான்.
அசையாமல் கிடந்தாலும்
உயிருள்ளதை எடையிலேயே சொல்லிவிடுவேன்.
பதினெட்டு வருஷத்தில் பிசகியதில்லை.

ராத்திரி, தூங்கிவிட்டான் என்று நினைத்து
ஹெட்போனைக் கழற்றினேன்.
அப்படி என்னதான் கேட்கிறான், பார்ப்போமே என்று
என் காதில் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

வயரின் மறுமுனை
போர்வைக்குள்
எதிலும் செருகாமல் கிடந்தது.

"எவ்வளவு நாளா?"
தூங்கவில்லை அவன்.
"தெரியல."
பிறகு சுவரைப் பார்த்து,
"அழுகைகூட வரலம்மா."

எங்க காலத்துல என்று ஆரம்பிக்க
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
தரையில் உட்கார்ந்தேன், விடியும்வரை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.
நர்ஸ் என்ன கேட்டாலும் சொல்ல
இப்போது என்னிடம் தேதிகூட இருந்தது.
முனையில் திரும்பியதும் அறைந்தது காற்று.
நீட்டிய கையைத் தட்டிவிட்டான்.
கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஓரடி பின்னால்
அதே கயிற்றைப் பிடித்தபடி
நான்.