ஓடுமா, தெரியாது

ஞாயிறு ஆறே காலுக்குப் பொள்ளாச்சியில் ஏறினால்
எட்டுக்குள் பாலக்காடு.
ஜன்னலோரம் வேண்டாம்,
கணவாய்க் காற்று கண்ணில் மண்ணள்ளிப் போடும்.
கண் இன்றைக்கு எனக்கு வேண்டும்.
வாரத்தில் ஆறு நாள் அது லேப்புக்குச் சொந்தம்,
கண்ணாடிச் சில்லில் அடுத்தவர் ரத்தத்தைச்
சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது.
ஏழாம் நாளும் அதே வேலைதான்.
சில்லு மட்டும் பெரிசு. கறுப்பு. வட்டம்.

மேலாமுறிச் சந்தைக்குப் பின்னால்
கமருதீன் ராவுத்தரின் ஆக்கர் கடை.
உரச்சாக்கு, பல்லிளித்த மிக்ஸி, கழுத்தொடிந்த டேபிள்ஃபேன்,
அத்தனைக்கும் அடியில்
எப்படி வைக்கக் கூடாதோ அப்படி,
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுக்கவைத்து,
இடுப்புயரத்துக்கு இசைத்தட்டுகள்.
நிக்க வைங்க பாய், வளைஞ்சுரும் என்று
நாலு வருஷமாய்ச் சொல்கிறேன்.
"நிக்க வெச்சா சாயும் மோளே.
தட்டுக்கு என்ன, காலா இருக்கு?"

முட்டி போட்டதும் வீடு மறந்துவிடுகிறது.
முதல் முப்பது எப்போதும் பக்தி.
அப்புறம் யாரோ டாக்டர் வீட்டுப் பியானோ,
கோழி வளர்ப்பு பற்றி ஒரு சொற்பொழிவு, இரண்டு பாகம்,
கரையான் தின்று மீசை மட்டும் மிஞ்சிய ஒரு பாகவதர்.
உறைக்குள் விரல் விட்டால்
ஒருமுறை மல்லிகைக் காம்பு,
ஒருமுறை கடன் சீட்டு: 'ஸ்ரீதரன், பன்னிரண்டு ரூபாய், பாக்கி'.
பாக்கியைத் தீர்த்தானா ஸ்ரீதரன்?
அந்தத் தட்டை வாங்கிவிட்டேன், சீட்டுக்காகவே.

டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிச் சாய்ப்பேன்.
கீறல் மயிரிழையா, நகத்தைத் தடுக்குமா?
பூஞ்சையென்றால் சோப்பு நீரில் போகும்.
வளைவென்றால் விதி.

பக்கத்தில் முட்டி போட்டிருப்பது ஔசேப்பு,
மருந்துக்கடைக்காரர், காலை ஏழுக்கே வந்துவிடுபவர்.
குடை பிடித்த பெண் படமிட்ட மஞ்சள் உறை என்னிடம்,
அதற்குள் இருக்க வேண்டிய கிதார் அவரிடம்.
என் உறைக்குள் இருந்ததோ
மலையாளத்தில் வாய்ப்பாடு, பதினாறு வரைக்கும்,
பின்னணியில் ஆர்மோனியம்.
ஊசி வைத்து ஊசி வைத்து அதைக் கேட்டுத்தான்
இங்கே பேரம் பேசப் படித்தேன்.
"துளசிமணி, உறைக்கு இருநூறு."
"உங்க தட்டுக்கு முந்நூறு."
இந்த வாரமும் அதோடு டீ வந்துவிட்டது.

இன்று கிடைத்தது
லேபிள் கரைந்து வெறும் வெள்ளையாய் ஒரு பத்தங்குலம்.
பெயரில்லை, ஊரில்லை.
உள்விளிம்பில் யாரோ ஊசியால் பொறித்த நாலு எண்,
அதில் ஏழு மட்டும் அவசரத்தில் சறுக்கியிருக்கிறது.
அறுபது ரூபாய்.
என்ன அது, என்ன அது என்று
ஔசேப்பு கழுத்தை நீட்டினார்.
தெரியாது என்றேன். நம்பவில்லை.
அவர் முகம் போன போக்குக்கே
அறுபதும் வசூல்.

திரும்பும்போது கோபாலபுரம் செக்போஸ்ட்.
போலீஸ்காரர் பஸ்ஸுக்குள் ஏறினார்.
"பையில என்னம்மா, லாட்டரியா?"
"இல்லீங்க, பாட்டுத் தட்டு."
வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
முகம் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம்.
"என்ன பாட்டு?"
"தெரியலைங்க."
"ஓடுமா?"
"அதும் தெரியலைங்க."
"அப்ப இதும் லாட்டரிதான். வெச்சுக்க."
பஸ்ஸே சிரித்தது, நடத்துநர் உட்பட.

செக்போஸ்ட் தாண்டியதும் வலப்பக்கமெல்லாம் வெயில்.
வெயில் பட்டால் அப்பளமாகிவிடும் இது.
இடப்பக்கம் சீட்டில்லை.
எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு,
பையை நெஞ்சோடு செங்குத்தாய் அணைத்து,
பொள்ளாச்சி வரைக்கும் நின்றேன்.
தட்டும் நின்றது.