சொன்னால் கேட்பதில்லை

எப்போதும் ராத்திரி ரெண்டு, ரெண்டேகாலுக்குத்தான்.
முதலில் தலையணையில் தலையைத் தேய்ப்பாள்.
அப்புறம் காதைப் பிடித்து இழுப்பாள்,
உள்ளே யாரோ தாழ் போட்டுக்கொண்டதுபோல.

காலண்டரில் இருக்கிறது எல்லாம்.
பால் கணக்குக்கும் சிலிண்டர் வந்த நாளுக்கும் நடுவே
என் கையெழுத்தில்
வலது. இடது. வலது. ரெண்டும்.
ஐந்துக்கு மேல் எழுதுவதை விட்டுவிட்டேன்.

இளஞ்சிவப்பு மருந்து.
ஆறவைத்த தண்ணீர், கோடு வரைக்கும்.
குலுக்கி, ஐந்து மில்லி, ஏழு நாள்.
மூன்றாம் நாளே கட்டிலில் ஏறிக் குதிப்பாள்.
ஒருமுறை அதோடு நிறுத்திவிட்டேன்.
அதை டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.

பக்கத்துப் போர்ஷன் கெம்பக்கா
பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கொண்டுவந்தார்.
கிண்ணம் சுட்டது.
காதில் எதுவும் ஊற்றக்கூடாது என்று சீட்டிலேயே எழுதியிருந்தது.
மறுநாள் ரசம் தாளித்தேன் அதில்.
"மருந்து கேட்டுச்சா?" என்றார்.
"கேட்டுச்சுக்கா."

மாங்காய் சீசன்.
கூழ் ஃபேக்டரியில் அவருக்கு நைட் ஷிஃப்ட்.
காவேரிப்பட்டணம் ரோட்டில் லாரிகள் வரிசையாய் நிற்க,
தோளில் போட்டுக்கொண்டு
கதவுக்கும் அடுப்புக்கும் நடந்தேன்.
நாலு மணிக்கு அழுகை சட்டென்று நின்றது.
சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படுத்தேன்.
விடிந்தால், தலையணையில்
மஞ்சளும் சிவப்புமாய் ஒரு கறை.
சவ்வு கிழிந்து சீழ் வெளியே வந்துவிட்டது,
அதனால்தான் வலி நின்றது என்றார்கள்.
நான் கும்பிட்டது அந்தக் கிழிசலைத்தான்.

அது மூடிக்கொண்டது. சின்னப் பிள்ளைக்குச் சீக்கிரம் மூடிவிடுமாம்.

பிறகு அங்கன்வாடி டீச்சர் ஆரம்பித்தார்:
"உங்க சஷ்டிகா சொன்னா கேக்கறதே இல்லைங்க."
எனக்கும் அதே புகார் இருந்தது.
தோசை ஆறுகிறது, வா என்று
மூன்று தடவை கூப்பிட்டு
நாலாவதுக்குப் போய் முதுகில் ஒன்று வைத்தேன்.
அழவில்லை.
நீ எப்போது வந்தாய் என்பதுபோல்
நிமிர்ந்து பார்த்தாள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில்
காதில் ஒரு முனையை வைத்து அழுத்த,
மெஷின் ஒரு தாளைத் துப்பியது.
"இந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கணும்மா."
ஜன்னலுக்கு வெளியே சையத் பாஷா மலை
கோட்டைச் சுவரோடு வெயிலில் நின்றது.
எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை முட்டும் ஊரில்
அந்தத் தாளில் மட்டும் ஒரு மேடும் இல்லை.
"சவ்வுக்குப் பின்னால நீர் கட்டியிருக்கு.
டேம்ல தலையை முக்கிக்கிட்டு
கரையில பேசறதைக் கேட்டா எப்படி இருக்கும்?
அப்படித்தான் கேக்குது அவளுக்கு."

மூன்று மாதம் பார்க்கலாம், தானாக வற்றும்.
வற்றாவிட்டால் கடுகளவு குழாய் ஒன்று.
அதுவரை
எதிரே போய், உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேச வேண்டும்.
டிவியை அணைக்க வேண்டும்.
வீட்டில் சிகரெட் வாசனையே ஆகாது.
அவர் தெருமுனையில்கூடப் பிடிப்பதில்லை என்கிறார்.
சட்டை வேறு சொல்கிறது.

பஸ்ஸில் எனக்கு அந்த முதுகுதான் நினைவு.
வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டேன்.
கேட்டதா தெரியவில்லை.
என் மூக்குத்தியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றோடு எழுபத்தெட்டு நாள்.
சோடா மூடிகளை வரிசையாய் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.
பின்னால் நின்று, சன்னமாய்,
சஷ்டிகா, என்றேன்.
திரும்பினாள்.

குரலா,
மூடிகளின் மேல் விழுந்த என் நிழலா?
நகர்ந்து நின்று
இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம்.
அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது,
போய்விட்டேன்.